ஊரே மீட்டெடுத்த திரையரங்கு

சிற்றூர் ஒன்றின் பழைய திரையரங்கை மீட்பது பற்றிய பேச்சில், கட்டடத்தைக் காப்பதும் அரங்கை நடத்துவதும் ஒரே வேலையாக எண்ணப்படுவது வழக்கம். உண்மையில் இவை இரு வேறு பணிகள். முன்னது கொத்தனாரும் தச்சரும் கட்டடக் கலைஞரும் சேர்ந்து சில ஆண்டுகளில் முடித்துத் தரக்கூடியது. பின்னதோ, இந்த வெள்ளிக்கிழமை எந்தப் படத்தைப் போடுவது, எத்தனை பேர் வருவார்கள், மின்கட்டணத்தை எதிலிருந்து கட்டுவது என்ற கேள்விகளோடு வாராவாரம் தொடர்வது, முடிந்துவிட்டது என்று ஒருநாளும் சொல்ல முடியாதது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கேம்பெல்டவுன் என்னும் துறைமுகச் சிற்றூரின் 'பிக்சர் ஹவுஸ்' 1913 முதல் கடந்துவந்த வரலாறு இந்த இரண்டு பணிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க இடமளிக்கிறது. அந்த ஊர் மக்கள் கட்டடத்தைச் சீரமைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அரங்கை நடத்தும் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இவ்வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்கது.

கின்டையர் என்பது அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு ஒடுங்கிய ஒரு தீபகற்பம். அதன் தென்கோடியிலிருந்து வட அயர்லாந்தின் கரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவுதான். அதன் கீழ்ப்பகுதியில், வளைகுடா ஒன்றின் ஓரத்தில், சுமார் ஐயாயிரம் பேர் வாழும் கேம்பெல்டவுன் அமைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட விஸ்கி வடிசாலைகளும் ஹெர்ரிங் மீன்பிடிப்பும் இவ்வூரைச் செல்வச் செழிப்பில் வைத்திருந்தன. 1920இல் அமெரிக்காவில் வந்த மதுவிலக்கும் சந்தைச் சரிவும் அந்த வடிசாலைகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட, இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவையே எஞ்சியுள்ளன. கிளாஸ்கோ நகருக்குச் சாலைவழி ஏறத்தாழ 220 கிலோமீட்டர். திரையரங்கு உள்ள அடுத்த ஊரான ஓபனுக்குச் சுமார் 140 கிலோமீட்டர். குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் இத்தகைய ஊரில் திரையரங்கு மூடப்பட்டால், அங்குள்ள சிறுவர்களுக்கும் முதியோருக்கும் படம் பார்ப்பது என்பதே ஒரு முழுநாள் பயணமாகிவிடுகிறது. நகரத்தில் ஓர் அரங்கு மூடப்படுவதும் இங்கு மூடப்படுவதும் ஒரே அளவுகோலால் அளக்கத்தக்கவை அல்ல.

தீயும் சட்டமும் கட்டிய அரங்குகள்

கேம்பெல்டவுனின் அரங்கு 1913 மே மாதத்தில் திறக்கப்பட்டது தற்செயலானதன்று. அக்காலத்துப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் பொருளால் செய்யப்பட்டது. எளிதில் தீப்பற்றுவதும், பற்றியபின் நீரூற்றினாலும் அணையாமல் எரிவதும் அதன் இயல்பு. 1897இல் பாரிஸ் நகரின் அறக்கொடைச் சந்தை ஒன்றில் படம் காட்டும் கருவியின் விளக்கிலிருந்து எழுந்த தீ நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பிறகும் இசையரங்குகளிலும் காலிக் கடைகளிலும் சந்தைக் கூடாரங்களிலுமே படங்கள் காட்டப்பட்டுவந்த நிலையில், பிரிட்டன் இயற்றிய 1909ஆம் ஆண்டு சினிமட்டோகிராஃப் சட்டம் 1910 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. படம் காட்டும் கருவி பார்வையாளர்கள் அமரும் கூடத்திலிருந்து தீத்தடுப்புச் சுவரால் பிரிக்கப்பட்ட தனி அறையில் இருக்க வேண்டும் என்றும், உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் பெற்றாக வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. கிடைத்த கட்டடத்தில் படம் காட்டுவதைவிட, சினிமாவுக்கென்றே புதிதாகக் கட்டுவது எளிது என்ற நிலையை அது உருவாக்கியதால், அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் பிரிட்டனின் ஊர்தோறும் அரங்குகள் எழுந்தன. ஃபோர்த் கழிமுகத்தின் கரையில் உள்ள போனெஸ் என்னும் ஊரில் 1912 மார்ச்சில் திறக்கப்பட்ட 'ஹிப்போட்ரோம்' அவற்றுள் ஒன்று; ஸ்காட்லாந்தில் சினிமாவுக்கென்றே கட்டப்பட்டு எஞ்சியிருப்பனவற்றுள் மிகப் பழையது அதுவே.

கேம்பெல்டவுன் அரங்கு எழுந்த அதே 1913இல், சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவர் 'எலக்ட்ரிக் தியேட்டர்' என்ற அரங்கை நிறுவினார் என்பதையும், அது சில ஆண்டுகளிலேயே படம் காட்டுவதை நிறுத்தி அஞ்சல் துறையின் கைக்குப் போனதையும் இங்கு நினைவுகூரலாம். அக்கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் தபால்தலை மையமாக இன்றும் நிற்கிறது. சுவர்கள் பிழைத்துக்கொண்டன; அரங்கு பிழைக்கவில்லை. மறுபுறம், 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கோயம்புத்தூரில் கட்டிய 'வெரைட்டி ஹால்' தன் பெயரை ஒரு சாலைக்குக் கொடுத்துவிட்டு வழக்கிலிருந்து மறைந்தது. கட்டடத்தின் வாழ்வும் அரங்கின் வாழ்வும் தனித்தனியானவை என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றுகள்.

வானத்தைக் கூரையாக்கிய கலை

கேம்பெல்டவுன் அரங்கை வடிவமைத்தவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஆல்பர்ட் கார்ட்னர் என்னும் கட்டடக் கலைஞர். அறுநூறுக்கும் மேற்பட்டோர் அமரத்தக்க அந்த அரங்கின் முகப்பு, அக்காலத்துக் கிளாஸ்கோ கலைஞர்கள் விரும்பிய வளைகோட்டு அலங்காரப் பாணியில், கடலை நோக்கி அமைந்தது. பேசும் படங்கள் வந்து நிலைபெற்ற பின்னர், 1930களின் நடுவில் அதே கார்ட்னர் திரும்ப அழைக்கப்பட்டு உட்புறத்தை முழுதாக மாற்றியமைத்தார். அப்போது அவர் கையாண்ட பாணிக்கு 'அட்மாஸ்ஃபெரிக்' என்று பெயர். கூடத்துக்குள் அமர்ந்திருப்பவருக்குத் திறந்த வெளியில், இரவு வானத்தின் கீழ் அமர்ந்திருக்கும் உணர்வைத் தரும் அலங்கார முறை அது; அமெரிக்காவில் ஜான் எபர்சன் என்னும் கலைஞர் 1923இல் ஹூஸ்டன் நகரின் மெஜஸ்டிக் அரங்கில் இதைத் தொடங்கிவைத்தார். கூரை வானமாகத் தீட்டப்படும். பக்கச் சுவர்கள் மத்தியதரைக் கடலோர ஊர் ஒன்றின் முற்றத்து மதில்களாகவும் மாடங்களாகவும் மாறும். மறைவிளக்குகள் அந்தி மங்குவதுபோல மெல்ல மங்க, படம் தொடங்கும்.

பெருநகரங்களில் மூவாயிரம் நாலாயிரம் இருக்கைகள் கொண்ட மாளிகைகளுக்கென்று உருவான இப்பாணியை ஒரு மீன்பிடி ஊரின் சிறு கூடத்துக்குள் கொண்டுவந்ததுதான் கார்ட்னரின் துணிவு. திரையின் இருபுறமும் இரண்டு சிறு கோட்டைகளை அவர் எழுப்பினார். சாந்தாலும் மரச்சட்டத்தாலும் ஆன, ஆனால் சாளரமும் கூரையும் கொண்ட கோட்டைகள். தலைக்கு மேலே மேகம் தவழும் நீல வானம். வெளியே மழையும் காற்றும் அடிக்கும் அட்லாண்டிக் கரையில், சில காசுகள் கொடுத்து நுழையும் ஒரு வடிசாலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இரண்டு மணி நேரம் தெற்கத்திய முற்றம் ஒன்றில் அமரும் வாய்ப்பை அந்தக் கூடம் தந்தது. ஆடம்பரம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஏழை எளிய மக்கள் பணம் கொடுத்து உரிமையோடு நுழைந்து அமரக்கூடிய அழகிய பொது இடங்கள் வரலாற்றில் மிகக் குறைவு என்பதையும், இத்தகைய அரங்குகள் அக்குறையைத் தீர்த்துவைத்தன என்பதையும் மறுக்க இயலாது. ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மிகச் சில அட்மாஸ்ஃபெரிக் அரங்குகளுள் இதுவும் ஒன்று என்பதால், ஸ்காட்லாந்தின் மரபுக் கட்டடப் பட்டியலில், நாட்டளவில் முதன்மையானவற்றுக்கு உரிய 'ஏ' பிரிவில் இது இடம்பெற்றுள்ளது.

மூடுவிழாக்களின் காலம்

1946இல் பிரிட்டன் முழுவதும் விற்ற சினிமா டிக்கெட்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 163 கோடி. 1984இல் அது சுமார் 5.4 கோடி. நாற்பது ஆண்டுகளுக்குள் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிய தொழில் வேறெதுவும் இருந்தால் அதற்கு அரசு விசாரணைக் குழு அமைத்திருக்கும். திரையரங்குகளோ ஒவ்வொன்றாக, ஓசையின்றி, பிங்கோ என்னும் எண் சூதாட்டக் கூடங்களாகவும் மரச்சாமான் கிடங்குகளாகவும் மாறின. தொலைக்காட்சி ஒரு காரணம். ஆனால் அது ஒன்றே காரணமன்று. சினிமாவுக்குப் பழகிய குடும்பங்கள் ஊர் மையத்தை விட்டுப் புறநகர்க் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்ததும், பெருநிறுவனங்கள் புதுப் படங்களின் பிரிண்டுகளைத் தம் நகர அரங்குகளுக்கே முதலில் கொடுத்ததும் சேர்ந்துகொண்டன. சிற்றூர் அரங்குக்குப் படம் வந்துசேர்வதற்குள் அதைப் பற்றிய பேச்சே ஓய்ந்திருக்கும்; கீறல் விழுந்த பிரிண்ட், குளிர் தாக்கும் கூடம், அதனால் குறையும் கூட்டம், அதனால் பழுதுபார்க்கப்படாத கூரை என்று ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போனது. போனெஸின் ஹிப்போட்ரோம் 1970களின் நடுவில் படம் காட்டுவதை நிறுத்தி, சில ஆண்டுகள் பிங்கோ கூடமாக இருந்து, பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு அருகில் பாழடைந்து கிடந்தது. கேம்பெல்டவுனின் பிக்சர் ஹவுஸ் 1986இல் மூடப்பட்டது.

ஆனால் கேம்பெல்டவுன் காத்திருக்கவில்லை. ஊர் மக்கள் இணைந்து நடத்தும் சமூக நிறுவனம் ஒன்று அரங்கை ஏற்று, 1989இல் மீண்டும் திறந்தது. சமூக நிறுவனம் என்பது ஈட்டும் உபரியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் அதே பணிக்குத் திருப்பிச் செலவிடும் அமைப்பு. அதன் பொறுப்பாளர்கள் ஊரிலேயே வாழ்பவர்கள், பெரும்பாலோர் சம்பளமின்றி உழைப்பவர்கள். பின்னாளில் ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டமும் 2015ஆம் ஆண்டு சமூக அதிகாரமளிப்புச் சட்டமும், விற்பனைக்கு வரும் நிலத்தையும் கட்டடத்தையும் ஊர்ச் சமூகமே முதலில் வாங்கும் உரிமையைப் படிப்படியாக வழங்கின. கேம்பெல்டவுன் மக்கள் அத்தகைய சட்டத்துணை எதுவும் இல்லாத காலத்திலேயே இதைச் செய்தார்கள். அடுத்த கால் நூற்றாண்டு அரங்கு செழித்தது என்று சொல்ல முடியாது. கூரை ஒழுகியது, சாந்து உதிர்ந்தது, கணக்கு இழுபறியிலேயே நின்றது. ஆயினும் படம் காட்டப்பட்டது. அந்த இருபத்தைந்து ஆண்டுகள் இல்லாமல் பிற்பாடு நடந்த சீரமைப்பு எதுவும் நடந்திருக்காது என்பதே இவ்வரலாற்றைப் பார்க்கும் எவரும் வரக்கூடிய முடிவு. ஓடிக்கொண்டிருக்கும் அரங்குக்கு நிதி கேட்பது எளிது; பூட்டிக்கிடக்கும் கட்டடத்துக்குக் கேட்பவர், அதில் என்ன நடக்கப்போகிறது என்ற கேள்விக்கே பல ஆண்டுகள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

சீரமைப்பு

2014இல் அரங்கு பணிகளுக்காக மூடப்பட்டு, 2017 டிசம்பரில் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 35 லட்சம் பவுண்டு. அதில் பெரும்பங்கு, தேசிய லாட்டரி வருவாயிலிருந்து மரபுச் சின்னங்களுக்குப் பணம் வழங்கும் நிதியம் முதலிய பொது நிதி அமைப்புகளிடமிருந்து வந்தது. இத்தகைய பணிகளில் கண்ணுக்குத் தெரியும் அழகு வேலைக்கு ஆகும் பணத்தைவிட, கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு ஆகும் பணமே அதிகம்: அடித்தளத்தை வலுப்படுத்துவது, கூரைச் சட்டங்களை மாற்றுவது, உப்புக்காற்றில் அரித்த இரும்பை நீக்குவது, சக்கர நாற்காலிக்கு வழி அமைப்பது, தீவிபத்தின்போது வெளியேறும் வாயில்களை இன்றைய விதிக்கு ஏற்ப அமைப்பது. இந்த வாயில் விதிகளுக்குப் பின்னாலும் ஒரு துயரம் இருக்கிறது. கிளாஸ்கோவுக்கு அருகில் உள்ள பெய்ஸ்லி ஊரின் திரையரங்கு ஒன்றில் 1929 டிசம்பர் 31 அன்று படச்சுருள் பெட்டியிலிருந்து புகை கிளம்ப, பூட்டப்பட்டிருந்த வழியை நோக்கி ஓடிய சிறுவர்களில் 71 பேர் நெரிசலில் உயிரிழந்தனர். பழைய அரங்கைப் புதுப்பிக்கும்போது இருக்கைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைவது குறித்து வருந்துவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கோட்டைகளும் வானமும் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அதோடு, பழைய கூடத்தைச் சிதைக்காமல், புதிதாகக் கட்டிய பகுதியில் இரண்டாவது சிறு திரை ஒன்றும் சேர்க்கப்பட்டது. இந்த இரண்டாவது திரைதான், கோட்டைகளைவிடவும், அரங்கைக் காப்பாற்றும் வல்லமை கொண்டது என்பது சற்று விளக்கிச் சொல்லத்தக்கது.

விநியோகஸ்தர்கள் ஒரு பெரிய படத்தை வெளியிடும் நாளிலேயே திரையரங்குக்குத் தரும்போது இரண்டு நிபந்தனைகளை விதிப்பது வழக்கம்: வசூலில் பெரும்பங்கு அவர்களுக்கு, மேலும், குறிப்பிட்ட வாரங்களுக்கு எல்லாக் காட்சிகளிலும் அந்தப் படமே ஓட வேண்டும். பத்து லட்சம் பேர் வாழும் நகரில் இந்நிபந்தனை யாரையும் வருத்தாது. ஐயாயிரம் பேர் வாழும் ஊரிலோ, அப்படத்தைப் பார்க்க விரும்புவோர் அனைவரும் முதல் நான்கு நாளில் பார்த்துவிடுவார்கள். அடுத்த இரண்டு வாரங்களும் காலி இருக்கைகளுக்குப் படம் காட்ட நேரிடும், அல்லது பழைய காலம்போலவே மூன்று வாரம் பொறுத்திருந்து, கார் வைத்திருப்போர் ஓபனில் பார்த்து முடித்தபின் படத்தை வாங்க நேரிடும். ஒற்றைத் திரை அரங்குகளின் கழுத்தைப் பிடித்த முடிச்சு இதுவே. இரண்டாவது திரை ஒன்று இருந்தால், ஓடவேண்டிய கட்டாயம் உள்ள படத்தை அங்கே மாற்றிவிட்டு, பெரிய கூடத்தில் குழந்தைகள் படமோ முதியோருக்கான பகல் காட்சியோ போடலாம். நிதியுதவி கேட்கும் திட்ட அறிக்கைகளில் வானம் தீட்டிய கூரையின் புகைப்படம் முதல் பக்கத்தில் இடம்பெறுகிறது. உண்மையில் முதல் பக்கத்துக்கு உரியது இந்தக் கணக்குதான்.

படச்சுருளிலிருந்து எண்ணிமத்துக்கு மாறியதும் இருமுனைக் கத்தியாகவே அமைந்தது. புதிய கருவிகளின் விலை சிற்றூர் அரங்குகளின் ஆண்டு வருவாயையே விழுங்கக்கூடியதாக இருந்ததால், உலகின் பல பகுதிகளில் அத்தகைய அரங்குகள் அதோடு கதவடைத்தன. பிரிட்டனில் 2000களின் நடுவில் திரைப்பட மன்றம் பொதுப் பணத்தில் 240 திரைகளுக்கு எண்ணிமக் கருவிகளை அமைத்துக் கொடுத்தது அந்த அதிர்ச்சியின் ஒரு பகுதியைத் தாங்கியது. மாற்றத்தைக் கடந்து நின்றவர்களுக்கோ அது பெரும் வரமாயிற்று: பிரிண்டுக்குக் காத்திருக்கும் காலம் போயிற்று, 2009இல் லண்டன் தேசிய நாடக அரங்கு தன் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பத் தொடங்கியதும், நாடகத்துக்காக லண்டன் போக முடியாத ஊர்களில் அந்த மாலைகள் நிரம்பலாயின.

ஜாம் பாட்டிலுக்கு ஒரு டிக்கெட்

போனெஸ் வேறொரு பாதையைக் காட்டுகிறது. லூயி டிக்சன் என்ற உள்ளூர்ப் படக்காட்சியாளருக்காக, அவ்வூரின் கட்டடக் கலைஞர் மாத்யூ ஸ்டீல் வட்ட வடிவில் கட்டிய அரங்கு அது. டிக்சன் தம் ஊரின் குழந்தைகள் திருவிழாவைத் தாமே படம்பிடித்து அதே ஊராருக்குக் காட்டினார். திரையில் தம் முகத்தைக் காண வந்தவர்களே அவருடைய முதல் ரசிகர்கள். 2009 ஏப்ரலில் சுமார் 18 லட்சம் பவுண்டு செலவில் மீண்டும் திறக்கப்பட்ட ஹிப்போட்ரோம், உள்ளாட்சி மன்றத்தின் ஆதரவில் இயங்குவது. 2011 முதல் அங்கு ஆண்டுதோறும் பேசாப்பட விழா நடக்கிறது. நூறாண்டுப் பழமையான படங்கள், அவை எழுந்த காலத்தைச் சேர்ந்த அரங்கிலேயே, மேடையோரம் அமர்ந்த இசைக்கலைஞர்களின் நேரடி வாசிப்போடு காட்டப்படுகின்றன. விழாவில் ஒரு காட்சிக்கு, மூடியோடு கூடிய சுத்தமான ஜாம் பாட்டிலைக் கொண்டுவருவோருக்கு ஒரு டிக்கெட் விலையில் இரண்டு கிடைக்கும். காசில்லாத குழந்தைகள், கடையில் திருப்பிக் கொடுத்தால் சிறு தொகை பெறக்கூடிய பாட்டிலையே கட்டணமாகத் தந்த பழைய நாளின் தொடர்ச்சி இது. வெளியூர்களிலிருந்து வந்து தங்குவோரால் ஊரின் விடுதிகளும் உணவகங்களும் அந்த நாட்களில் நிறைகின்றன. அரங்கின் பழமையையே அதன் நிகழ்ச்சி நிரலாக மாற்றியதில் போனெஸ் காட்டிய புத்திக்கூர்மை பாராட்டத்தக்கது. வெறும் அருங்காட்சியகமாக நிற்காமல் பழமையை வேலை செய்ய வைத்திருக்கிறார்கள்.

கட்டடமே இல்லாத ஊர்களையும் ஸ்காட்லாந்து விட்டுவிடவில்லை. 1998 முதல் 'ஸ்க்ரீன் மெஷின்' என்னும் நடமாடும் திரையரங்கு, ஊரை அடைந்ததும் பக்கவாட்டில் விரிந்து ஏறத்தாழ எண்பது பேர் அமரும் கூடமாகும் ஒரு பெரிய லாரி, மேட்டுநிலங்களுக்கும் தீவுகளுக்கும் படகேறிச் சென்றுவருகிறது. டூரிங் டாக்கீஸ் கூடாரத்துக்குள் மணலைக் குவித்து அமர்ந்து படம் பார்த்த தலைமுறையைக் கொண்ட தமிழ் வாசகருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்றுண்டு: தமிழகத்தின் கூடாரங்கள் லாபத்துக்காகத் தொடங்கி லாபமின்மையால் மறைந்தன, இந்த லாரியோ நூலகத்தைப் போலவும் பேருந்தைப் போலவும் ஒரு பொதுச் சேவையாகக் கருதப்பட்டுப் பொதுப் பணத்தின் துணையோடு ஓடுகிறது.

பொதுப் பணமும் சமூக உரிமையும் இருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. தலைநகர் எடின்பரோவில், பெரும் மதிப்புப் பெற்ற 'ஃபில்ம்ஹவுஸ்' அரங்கை நடத்திய அறநிறுவனம், பெருந்தொற்றுக்குப் பின் திரும்பிவராத கூட்டத்தாலும் ஏறிய எரிசக்திச் செலவாலும் 2022 அக்டோபரில் ஒரே நாளில் கதவடைத்தது. ரசிகர்கள் நிதி திரட்டி அதை மீண்டும் திறக்க 2025 வரை ஆயிற்று. ஐந்து லட்சம் பேர் வாழும் நகரில் நேர்ந்தது ஐயாயிரம் பேர் வாழும் ஊரில் நேர்ந்தால் தாங்கும் வலிமை குறைவு என்பதால், மீட்புத் திட்டங்களுக்கு நிதி வழங்குவோர் தம் முறையைத் திருத்திக்கொள்ள வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. சீரமைப்புக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் அமைப்புகள் பராமரிப்புக்குக் கொடுப்பது அரிது; கடலை நோக்கி நிற்கும் கேம்பெல்டவுன் போன்ற அரங்கின் சாந்தும் வண்ணமும் ஓராண்டு கூடக் கவனிப்பின்றி இருக்க முடியாதவை. திறப்பு விழாவன்றே மொத்தத் தொகையில் ஒரு பங்கைத் தொடாத வைப்புநிதியாக ஒதுக்கி, அதன் வட்டியில் கூரையையும் கருவியையும் பேணும் ஏற்பாடு செய்யப்பட்டால், டிக்கெட் வருவாய் படத்துக்கும் ஊழியருக்கும் மின்சாரத்துக்கும் போதுமானதாகும். அத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில், ஒரு மோசமான குளிர்காலத்தின் வசூல் அரங்கின் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானித்துக்கொண்டிருக்கும்.